மலையிலிருந்து வந்த முதல் அழைப்பு

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. கிளம்பும்போது உனக்கு இருந்த சளி விட்டதா?

அடிவாரத்தில் இறங்கியதும் உன்னோடு இரண்டு நிமிடம் பேசினேனே, அதோடு சரி. அங்கிருந்து மேலே ஏறினால் ஒரு புள்ளி சிக்னல் கிடையாது. ஊருக்கெல்லாம் டவர் கட்டிக்கொடுக்கிறவனுக்குச் சொந்த அக்காவோடு பேச வழியில்லை என்று எங்கள் ஆட்கள் கேலி செய்கிறார்கள். வியாழக்கிழமை தோறும் சாமான் ஜீப் வரும். அதில்தான் கடிதம் போகும், வரும். கடைசியாக எப்போது கடிதம் எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில், லீவு லெட்டர்.

நூற்றிருபது வீடு இருக்கும். ஒரு பள்ளிக்கூடம், ஓர் அறை மட்டும் உள்ள மருந்தகம், அதில் ஒரு நர்ஸம்மா. யாருக்காவது நோய் முற்றினால் ஆள் ஒருவர் ஆறு மணி நேரம் இறங்கிப் போய் அடிவாரத்து டாக்டரைக் கேட்டு வர வேண்டும். முதல் நாளே அந்த அம்மா வந்து, "எப்ப முடிப்பீங்க?" என்று கேட்டார். ஜூன் என்றேன். "மே ஆகாதா?" என்றார், ஏதோ சட்டை தைக்கக் கொடுத்ததைப் போல.

என் குழுவில் எட்டுப் பேர். உச்சிக்கு ஏறுகிறவனுக்குக் குருவி என்று பெயர் வைத்திருக்கிறோம். அறுபதடி உயரத்தில் உட்கார்ந்துகொண்டு கீழே நடக்கிற எல்லோரைப் பற்றியும் சத்தமாக அபிப்பிராயம் சொல்வான். என்னுடைய வழுக்கை மேலிருந்து எப்படித் தெரிகிறது என்று தினமும் ஓர் அறிக்கை உண்டு.

நேரத்துக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் தம்பி


மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்து பதினைந்து நாளுக்கு மேல் ஆகிறது. தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. அந்தச் சளி காய்ச்சலாக மாறி ஒரு வாரம் படுத்துவிட்டேன். இப்போது தேறிவிட்டேன். மாடி வீட்டு டெய்லர் அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தார். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அலுவலகத்தில் ஒரு சின்ன மாற்றம். என்னை உதவி மையத்தின் போன் மேசையிலிருந்து பின்னறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பழைய பதிவேடுகளை ஒழுங்குபடுத்த வேண்டும். எந்த விவசாயி என்றைக்குக் கூப்பிட்டார், என்ன பூச்சி, என்ன பதில் சொன்னோம், எல்லாம் அதில் இருக்கிறது. நானே சொன்ன பதில்களைப் படிக்கும்போது யாரோ கெட்டிக்காரி சொன்னது போல இருக்கிறது. பின்னறையில் ஜன்னல் இருக்கிறது, காற்று வருகிறது. குறை ஒன்றும் இல்லை.

பெரிய குக்கர் அடிப்பிடித்து வீணாகிவிட்டது. ஞாபகமறதிதான்.

குருவியிடம் நான் விசாரித்ததாகச் சொல். இடுப்பில் கயிறு கட்டாமல் ஏறக் கூடாது என்றும் சொல். கடிதம் எழுதுவது நன்றாகத்தான் இருக்கிறது. நீ போனில் இவ்வளவு பேசியதே இல்லை.

அன்புடன்,
அக்கா


மார்ச் 26

அக்காவுக்கு,

காய்ச்சல் என்று படித்ததும் மனம் சரியில்லை. முழுக்கக் குணமாகிவிட்டதா? மறைக்காமல் எழுது.

போன செவ்வாய்க்கிழமை ஆன்டெனாப் பெட்டிகளை எடுக்க அடிவாரத்துக்கு இறங்கினேன். உனக்கு ஐந்து முறை போன் போட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது, நீ எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் கடைக்குப் போயிருப்பாய் என்று விட்டுவிடுவேன். அன்றைக்கு வேலை நாள். பின்னறையில் உட்கார்ந்திருக்கிறவள் போனை எங்கே வைத்துவிட்டுப் போவாய்?

இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை. பத்தொன்பது வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்தவள் நீ. உன் குரலைக் கேட்டாலே பாதிப் பூச்சி செத்துப்போகும் என்று ஒரு விவசாயி சொன்னதை நீயே சொல்லியிருக்கிறாய். உன்னை எதற்குப் பதிவேட்டு அறைக்கு அனுப்பினார்கள்? யாரிடமாவது சண்டை போட்டாயா?

குருவிக்கு உன் செய்தியைச் சொன்னேன். "அக்கா சொன்னா கட்டிக்கிறேன். நீங்க சொன்னா கட்டமாட்டேன்" என்றான். மேலே காது விறைத்துப் போகிற குளிர். துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு ஏறுகிறான்.

தம்பி


ஏப்ரல் 11

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் உன் ஆட்களும் நலமாக இருக்க வேண்டும்.

போன் பழுது. ஒலி வருகிற இடம் போய்விட்டது போலிருக்கிறது, மணி அடிப்பதும் கேட்பதில்லை. சரி செய்யக் கொடுக்க வேண்டும். கொடுக்கிறேன். நீ புதிது வாங்கி அனுப்புகிறேன் என்று கிளம்பாதே. சண்டை யாரோடும் போடவில்லை. வயதானவளுக்கு ஓய்வான இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளேன். எனக்குப் பதிலாகப் போன் மேசைக்கு வந்திருக்கிற பெண் நல்ல மாதிரி. என் மேசையைத் துடைத்துவிட்டுத்தான் தன்னுடையதைத் துடைக்கிறாள்.

இந்தப் பொட்டலத்தில் கம்பளித் தொப்பி ஒன்று இருக்கிறது. டெய்லர் அம்மா தைத்தது. காதை மூடும்படி நீளமாக வைக்கச் சொன்னேன். குருவிக்குக் கொடு. உனக்கு இல்லை, உன் வழுக்கைக்கு வெயில் படட்டும்.

இனி அடிவாரத்துக்குப் போனால் எனக்குப் போன் போட்டு நேரத்தை வீணாக்காதே. எழுது. எழுதினால் நான் மூன்று தடவை படிக்கலாம்.

அக்கா


ஜூன் 1

அக்கா,

நலமா? இங்கே மழை தொடங்கிவிட்டது. இத்தனை நாள் எழுதவில்லை என்று நினைத்திருப்பாய். வேலை அதிகம்.

டவர் முடிந்துவிட்டது. சோலார் தகடுகளும் பேட்டரியும் வந்துவிட்டன. ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை, சோதனைக்காக ஒரு நாள் மட்டும் ஓட்டப்போகிறோம். பிறகு அனுமதிக் கடிதம் வரும்வரை நிறுத்திவிட வேண்டும். முதல் அழைப்பு யாருக்கு என்பதை மேற்பார்வையாளன் முடிவு செய்யலாம். உனக்குத்தான். காலை பத்து மணி. போனைச் சரி செய்து கையில் வைத்துக்கொண்டிரு.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எழுதிப் பார்த்தேன், நாலு தடவை கிழித்துப் போட்டேன். உன் குரலைக் கேட்டால் சொல்லிவிடுவேன். தயவு செய்து எடு.

தொப்பி வந்தது.

தம்பி


ஜூன் 8

அன்புத் தம்பிக்கு,

இந்த வியாழக்கிழமை சாமான் ஜீப்பிலேயே இது உன் கையில் கிடைக்க வேண்டுமே என்று அவசரமாக எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். உன் கடிதம் எனக்குப் பிடிக்கவில்லை, கையெழுத்தே உன்னுடையதாக இல்லை.

என்ன விஷயமானாலும் எழுதிவிடேன். அரைகுறையாக எழுதினாலும் நான் புரிந்துகொள்வேன். போன் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, முதல் அழைப்பு என்று ஆசையாக எழுதியிருக்கிறாய். பத்து மணிக்குப் போன் என் கையில் இருக்கும். ஆனால் எழுதினால் நல்லது.

குருவியைப் பற்றி ஒரு வரியும் இல்லையே. தொப்பி அளவு சரியாக இருந்ததா?

அக்கா


ஜூன் 15

அக்காவுக்கு,

நேற்று எல்லோருக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். நீ எடுத்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு நான் சொன்னதையும் கேட்டார்கள். நீ சொன்ன பதிலையும் கேட்டார்கள்.

அப்படிப்பட்ட விஷயத்துக்கு "ரொம்ப சந்தோஷம்ப்பா" என்று எப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜூலை 4

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பத்து நாளாகக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்க எனக்கு முகமில்லை.

அன்று லைன் தெளிவாக இல்லை. நீ சொன்னது எனக்குச் சரியாக விழவில்லை. நல்ல செய்தி என்று நினைத்துவிட்டேன். என்ன சொன்னாய் என்று ஒரே ஒரு முறை எழுதிவிடு. நான் சொன்னது தவறென்றால் உன் ஆட்கள் முன்னால் வந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

லைன் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது, அக்கா. உன் வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுவது இங்கே கேட்டது.

உன் கடிதத்தோடு மருந்தகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஒண்ணு கேட்டா தப்பா நினைக்காதீங்க. உங்க அக்காவுக்குக் காது கேக்குதா?" என்றார். இதென்ன கேள்வி, பத்தொன்பது வருஷம் போனில் வேலை பார்த்தவள் என்றேன். அவர், "நீங்க அன்னிக்கு அழுதீங்க. அவங்க நடுவுல நிறுத்தவே இல்ல. நீங்க கேட்ட ஒரு கேள்விக்கும் பதில் வரல. நீங்க மூச்சு வாங்கற நேரத்துலகூட 'அப்படியா, அப்படியா'ன்னு சொன்னாங்க. எங்கிட்ட வர்ற காது மந்தமானவங்களும் இப்படித்தான் சமாளிப்பாங்க" என்றார்.

பிறகு உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாகப் படித்தேன். அடிப்பிடித்த குக்கர். பின்னறை. கேட்காத மணி. எல்லாவற்றையும் நீ எழுதித்தான் இருக்கிறாய். நான்தான் படிக்கவில்லை.

போனில் சொன்னதை எழுதுகிறேன். இந்தத் தடவை கிழிக்கமாட்டேன்.

குருவி செத்துப்போய்விட்டான். மே 19. அதற்கு முந்தின நாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். "வலிக்குதுண்ணே, இன்னிக்கு வேணாமே" என்றான். பெரிய ஆன்டெனாவை அன்றைக்கே பூட்டியாக வேண்டும், மறுநாள் மழை என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள், அந்த உயரத்துக்கு ஏறக்கூடியவன் அவன் ஒருவன்தான். "வாயுதான், இஞ்சித் தண்ணி குடிச்சுட்டு ஏறு. இன்னிக்கு ஒரு நாள் ஏறிடு" என்றேன். ஏறினான். உன் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஏறினான். மேலிருந்து அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது, வேலை வேகமாக நடக்கிறதே என்று.

மாலையில் இறங்கியவன் நேராக நிற்கவில்லை. நர்ஸம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, குடல்வால் வெடித்திருக்கும் போல, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வண்டியை வரச் சொன்னால் போதும் என்றார். ஒரு வார்த்தை. அவர் தலைக்கு மேலேதான் நாங்கள் கட்டிய டவர் நிற்கிறது. ஆள் இறங்கி ஓடினான். நாங்கள் விடிந்ததும் ஏணியில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். மூன்றாவது வளைவில், எதிரே ஜீப் ஏறி வருவது தெரிகிறது, அவன் கை தளர்ந்துவிட்டது.

அவனுடைய அண்ணனிடம், திடீரென்று நோய் வந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

உன்னிடம் ஸ்பீக்கரில் நான் சொன்னது இதுதான்: "நான்தான்க்கா அவன ஏறச் சொன்னேன்."

இப்போது நீ எழுது. எதையும் விடாமல் எழுது.

தம்பி


ஆகஸ்ட் 3

என் தம்பிக்கு,

குருவியைப் பற்றிப் படித்துவிட்டு இரண்டு நாள் அலுவலகம் போகவில்லை. நான் பார்த்தே இராத பையன். அவன் குரலைக்கூட உன் எழுத்தில்தான் கேட்டிருக்கிறேன்.

கேட்டிருக்கிறேன் என்று எழுதிவிட்டேன், பார்.

வலது காது மந்தமாகி ஐந்து வருஷம் இருக்கும். யாருக்கும் தெரியாமல் ஹெட்போனை இடது பக்கம் மாட்டிக்கொண்டு சமாளித்தேன். பிப்ரவரிக் காய்ச்சலில் இடதும் ஒரே வாரத்தில் போய்விட்டது. நரம்பு பட்டுப்போய்விட்டது, கருவி வைத்தாலும் பிரயோசனம் இருக்காது என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். எழுத்து நன்றாக இருந்தது.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அப்பாவுக்குக் கடைசி ஏழு வருஷம் காது கேட்கவில்லை. அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து நாம் இரண்டு பேரும் அவரைப் பற்றிப் பேசிச் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார். என்ன என்று தெரியாமலே சிரித்தார் என்பது இப்போது எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் செய்கிறேன். நீ என்னைப் பார்த்துச் சிரிப்பாய் என்று இல்லை. உன் மனதில் நான் அப்பாவின் நாற்காலிக்குப் போய்விடக் கூடாது என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். போன் கையில் அதிர்ந்ததும் எடுத்தேன். திரையில் வினாடிகள் ஓடுவது மட்டும் தெரிந்தது. எழுதியதைப் படித்தேன், இடைவெளி விட்டேன், மறுபடி படித்தேன். நாலு நிமிடம் பன்னிரண்டு வினாடி. அதில் உன் பங்கு எவ்வளவு என்று இன்றுவரை தெரியாது.

நான் கடைசியாகக் கேட்ட உன் குரல், அடிவாரத்திலிருந்து நீ பேசியது. "சார்ஜ் இல்லக்கா, வெச்சிடறேன்" என்றாய். இதுதான் கடைசி என்று தெரிந்திருந்தால் இன்னும் ஏதாவது பேசச் சொல்லியிருப்பேன்.

குருவி விஷயத்தில் உன் மேல் தவறே இல்லை என்று நான் எழுதமாட்டேன். வலிக்கிறது என்றவனை ஏற்றியது தவறு. ஆனால் எனக்கு எழுதியதை அவன் அண்ணனுக்குச் சொல்லாமல் இருந்தால், அந்தத் தவறு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். போய்ச் சொல். அவர் உன்னை மன்னிக்க வேண்டும் என்பதற்காகப் போகாதே.

சரியாகச் சாப்பிடு. தொப்பியை அவனோடு அனுப்பினீர்களா என்று மட்டும் எழுது.

அக்கா


செப்டம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தினமும்தான் மெசேஜில் "சாப்பிட்டாச்சா", "ஆச்சு" என்று ஓடுகிறதே, எதற்குக் கடிதம் என்று கேட்காதே. இதெல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடங்காது. ஆமாம், தொப்பியை அவனோடுதான் அனுப்பினோம்.

டவர் ஓடத் தொடங்கி ஒரு மாதமாகிறது. போன வாரம் ஒரு சிறுமிக்குக் கண் வீங்கி மூடிக்கொண்டது. நர்ஸம்மா போட்டோ எடுத்து அடிவாரத்து டாக்டருக்கு அனுப்பினார். உடனே கொண்டு வாருங்கள், வண்டி கிளம்பிவிட்டது என்று பதில் வந்தது. எல்லாம் மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. கண் பிழைத்துவிட்டது. ஊரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. நான் பேட்டரிக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

குருவியின் அண்ணன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு, "வலிக்குதுன்னு சொன்னானா?" என்று ஒரே ஒரு கேள்வி. "சொன்னான்" என்றேன். எழுந்து உள்ளே போனார். திரும்பி வரவில்லை. இருட்டும்வரை வாசலில் நின்றுவிட்டு வந்தேன். நீ சொன்னது சரி, மன்னிப்புக்காக இல்லை, சொல்வதற்காகத்தான் போக வேண்டியிருந்தது.

அடுத்த இடம் இதைவிட உயரமாம். அங்கேயும் சிக்னல் கிடையாது. நடுவில் பத்து நாள் லீவு. வருகிறேன். கதவைத் தட்டினால் உனக்குத் தெரியாதே, எப்படி உள்ளே வருவது என்று எழுது.

தம்பி


அக்டோபர் 24

அன்புத் தம்பிக்கு,

புது இடத்தில் குளிர் எப்படி? காலில் வெடிப்பு என்றாயே, மருந்து போடுகிறாயா? நான் நலம்.

நீ கிளம்பிய மறுநாள் அலுவலகத்தில் எனக்குப் புது வேலை கொடுத்திருக்கிறார்கள். இப்போது விவசாயிகள் இலையையும் பூச்சியையும் போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்கிறார்கள். எழுத்தில் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்று எங்கள் அதிகாரி மேடம் என்னைக் கூப்பிட்டார். ஒரு நாளைக்கு அறுபது எழுபது கேள்வி. நேற்று ஒருவர், "நீங்க போன்ல பேசுவீங்களே, அந்த அக்காவா?" என்று எழுதிக் கேட்டார். ஆமாம் என்று பதில் போட்டேன். "எங்க போயிட்டீங்க?" என்றார். அவருடைய இலைக்கு மருந்து மட்டும் எழுதினேன்.

பத்து நாள் நீ இருந்ததில் வீடு நிறைந்திருந்தது. முதல் நாள் கத்திக் கத்திப் பேசினாய், உன் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் நாள் பேச்சைக் குறைத்தாய். பிறகு நோட்டில் எழுதிக் காட்டினாய். கடைசி நாட்களில் இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அதுவும் போதும் என்று இருந்தது. போதாது என்றும் இருந்தது. நீ போன பிறகு அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். உன் பக்கம் மட்டும்தான் அதில் இருக்கிறது, நான் பேசியது ஒன்றும் இல்லை. படித்தால் நீ தனியாக யாரோடோ பேசிக்கொண்டிருந்தது போலத் தெரிகிறது.

ஒன்று கேட்க வேண்டும். பஸ் கிளம்பும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ சொன்னாய். நீளமாகச் சொன்னாய், நடுவில் ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாய். நான் தலையாட்டினேன். நீயும் நிம்மதியாகத் திரும்பி உட்கார்ந்தாய்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை, தம்பி. சும்மாதான் தலையாட்டினேன்.

என்ன சொன்னாய் என்று எழுது.

அக்கா